நீச்சல்குளமும் தொண்ணூற்றெட்டு டிகிரியும்

என் மாமா வீட்டு சோபாவுக்கு ஒன்பது வயது. இன்றுவரை அதன் துணியில் யாரும் உட்கார்ந்ததில்லை. கடையிலிருந்து வந்த பாலித்தீன் உறையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம். எழுந்தால் அது ஒரு பெருமூச்சு விடும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவந்த மெல்லிய தாள் மஞ்சளாகி ஓரத்தில் சுருண்டிருக்கிறது. ரிமோட் பிறந்த உறையிலேயே வாழ்கிறது. சத்தத்தைக் கூட்டுகிற இடத்தில் மட்டும் கட்டைவிரல் ஓர் ஓட்டை போட்டிருக்கிறது. இதனால் குடும்பத்தில் அவருக்குக் கவர் மாமா என்று பெயர். அவருக்கு அதில் வருத்தமில்லை.

"பொருள் புதுசா இருக்கணும்னா, அதைப் புதுசா இருக்க விடணும்" என்பார்.

இருபத்திரண்டு வருடம் ஒரு நிறுவனத்தில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். நிறுவனத்தை மூடிவிட்டார்கள். ஐம்பத்தோரு வயதில், கணினியில் முப்பரிமாணப் படம் செய்யக் கற்றுக்கொண்டார். ஏழு மாதம் யாரும் கூப்பிடவில்லை. எட்டாவது மாதம் ஓர் இன்ஜினீயர் வந்தார். இனிமேல் கட்டப்போகிற ஒரு நீச்சல்குளத்துக்குள் நடந்து பார்ப்பதுபோல மூன்று நிமிடப் படம் வேண்டுமாம்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கே வந்துடறேன் சார். படம் நல்லா ஓடினா எங்க ஆபீஸ் வேலை மொத்தமும் உங்களுக்குத்தான். இல்லன்னா, வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

மாமா வரைந்து முடித்தார். வரைந்ததைக் கணினி ஃபிரேம் ஃபிரேமாகக் கணக்கிட்டுப் படமாக்க வேண்டும். சுவர், கூரை, படிக்கட்டு வரைக்கும் பிரச்சினை இல்லை. தண்ணீர் வந்ததும் கணினியின் மூளையான பிராசசருக்கு மூச்சு வாங்கியது. அலையில் விழுகிற ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அது கணக்குப் போட்டாக வேண்டும். சூடு தொண்ணூறைத் தாண்டியது, வேகம் பாதியானது. இன்னும் கட்டாத குளத்தின் இல்லாத தண்ணீருக்காக, இருக்கிற ஒரே கணினி வெந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை மாமா கணினிக்குள் மாட்டுகிற பெரிய கூலர் ஒன்று வாங்கிவந்தார். அதன் செம்பு அடிப்பாகம் பிராசசரின் தலையில் உட்கார்ந்து சூட்டை இழுத்து மேலே தகடுகளுக்கு அனுப்பும். விசிறி அதை ஊதித் தள்ளும். செம்புக்கும் பிராசசருக்கும் நடுவே இடைவெளி இல்லாதிருக்க ஒரு பேஸ்ட் தடவ வேண்டும். எல்லாம் செய்தார். கணினி முன்னைவிடச் சூடானது. தொண்ணூற்றெட்டைத் தொட்டுவிட்டுத் தானாகவே அணைந்தது.

அத்தை நர்ஸ். கட்டில் முனையில் தொங்குகிற காய்ச்சல் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் மாட்டினார். மாமா கால் மணிக்கு ஒருமுறை அதில் சூட்டைக் குறித்தார்.

"மனுஷனா இருந்தா எப்பவோ துணியால மூடியிருப்போம்" என்றார் அத்தை, அட்டையைப் பார்த்து.

கூலர் விற்ற கடைக்காரருக்கு மாமா போன் செய்தார்.

"பேஸ்ட் போட்டீங்களா சார்?"

"போட்டேன்."

"பட்டாணி அளவு போதும். எவ்வளவு போட்டீங்க?"

"குறை வைக்கல."

"விசிறி சுத்துதா?"

"சுத்துது."

"அப்போ எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்."

"சரியா இருந்தா ஏன் அணையுது?"

"ஊரே சூடாத்தானே சார் கிடக்கு" என்றார் கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அத்தை வேலை முடிந்து வந்தபோது, மாமா தரையில் உட்கார்ந்து காய்ச்சல் அட்டையாலேயே கணினிக்கு விசிறிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு மணி நேர வேலை பாக்கி. கணினி சேர்ந்தாற்போல் ஏழு நிமிடம் ஓட மறுத்தது.

"தண்ணி இல்லாமலே காட்டிடுங்களேன்."

"நீச்சல்குளத்தையா?"

"கழுவி விடறாங்கன்னு சொல்லிக்கலாம்."

மாமா சிரிக்கவில்லை. "எட்டு மாசமா காலையில குளிச்சுச் சட்டை போட்டுக்கிட்டு இந்த மேசைக்குத்தான் வர்றேன்" என்றார். "போறதுக்கு வேற இடம் இல்ல."

அத்தை கைப்பையைக் கீழே வைத்தார்.

"கழட்டுங்க அதை. காயத்தைப் பிரிச்சுப் பாக்காம கட்டு மேல கட்டு போடக் கூடாது."

நான்கு திருகுகள். மாமா கூலரைத் தூக்கித் திருப்பினார். அத்தை ஸ்பிரிட் பஞ்சால் பேஸ்டைத் துடைத்தார். பேஸ்டுக்கு அடியில் சின்னச் சிவப்பு எழுத்துகள் தெரிந்தன: மாட்டும் முன் உரிக்கவும்.

"என்னங்க இது?"

"அதுவா? அதோட வந்த தாள்."

"எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா?"

"படிக்காமலா? வாஷிங் மெஷின்லகூட அப்படித்தான் எழுதியிருக்கு. பதினோரு வருஷமா ஓடலையா?"

அத்தை ஒரு நாளைக்கு நூறு உறை கிழிக்கிறவர். ஊசி உறை, பிளாஸ்திரி உறை, கையுறை உறை. கணவரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார்.

"மழைக்கோட்டு போட்டுக்கிட்டுக் குளிச்சா உடம்பு எப்படிங்க நனையும்?"

நகத்தால் தாளின் ஓரத்தை நெம்பினார்.

"இரு. நானே உரிக்கிறேன்" என்றார் மாமா.

அவசரமே இல்லாமல், ஓரம் கிழியாமல் உரித்தார். செம்பு அப்போதுதான் காற்றைப் பார்த்தது. அதில் மாமாவின் மூக்கு தெரிந்தது. உரித்த தாளை எறிய மனமில்லாமல் காய்ச்சல் அட்டையின் பின்புறம் ஒட்டிவைத்தார். பட்டாணி அளவு பேஸ்டை அத்தை வைத்தார்.

ஒன்று முப்பத்தைந்துக்குக் கணினி ஓடத் தொடங்கியது. அறுபத்தொன்று. மாமா நம்பவில்லை. கால் மணி கழித்து அறுபத்து மூன்று. அதற்கு மேல் ஏறவில்லை. அத்தை அட்டையை வாங்கி, 'நார்மல்' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். மாமா சாப்பிடவில்லை. மூன்று நாற்பத்தெட்டுக்குக் கடைசி ஃபிரேம் முடிந்தது.

நாலு மணிக்கு இன்ஜினீயர் வந்து சோபாவில் உட்கார்ந்தார். படம் ஓடியது. கடைசி நிமிடத்தில் தண்ணீர் வந்தது. அதன் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. மாமா திரையைப் பார்க்கவில்லை, இன்ஜினீயரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி பிரமாதம் சார்" என்றார் இன்ஜினீயர். "அடுத்தது ஒரு நூலகம். திங்கக்கிழமை பிளான் அனுப்பறேன்."

எழுந்தார். பாலித்தீன் அவர் பேன்ட்டோடு கொஞ்ச தூரம் எழுந்து வந்து, பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனது.

"இந்தக் கவரை எப்ப சார் பிரிக்கப் போறீங்க?"

மாமா சோபாவைப் பார்த்தார். வாசலில் நின்றிருந்த அத்தையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இது ஒண்ணும் அணைஞ்சு போகலையே சார்" என்றார்.