ஒரு நூல் விடச் சொன்னார்

என் பெரியத்தானுக்கு உலகத்தில் எதுவுமே சரியாக இருந்ததில்லை. எல்லாம் ஒரு நூல் கூடவோ ஒரு நூல் குறையவோ இருக்கும். நூல் என்றால் தைக்கிற நூல் இல்லை. ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்குக்குப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கிற பெயர் அது. மேஜைக் கால் ஒரு நூல் குட்டை என்பார், அது நியாயம். டீயில் சர்க்கரை ஒரு நூல் தூக்கல் என்பார். எதிர்வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், புத்திதான் ஒரு நூல் கம்மி என்பார். தெருவில் அவருக்கு நூல்காரர் என்றே பெயராகிவிட்டது. பெரியக்காவோ வீட்டு முன்னறையில் துணி தைக்கிறவள். ஆக, முன்னறையில் ஒரு நூல், பின்னறையில் ஒரு நூல். நான் வேலை பார்ப்பது நூலகத்தில். எங்கள் குடும்பம் பிழைப்பதே நூலில்தான் என்று சொல்லலாம்.

பெரியத்தான் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மாதிரி தண்டு. முதலில் கடைந்ததற்கும் கடைசியில் கடைந்ததற்கும் வித்தியாசம் தெரியக் கூடாது, அதற்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் பின்னறைக்குப் போவார். அங்கே அவருக்கென்று ஒரு சின்ன லேத் இருக்கிறது. நாளெல்லாம் சமையல் செய்தவன் வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைப்பானா என்று நான் கேட்டிருக்கிறேன். "அது அவங்களுக்கு, இது எனக்கு" என்றார்.

அவருக்கான அந்த 'இது', கைக்கு அடக்கமான ஒரு நீராவி எஞ்சின். ஒரே சிலிண்டர், ஒரு சுழல் சக்கரம், பக்கத்தில் செம்பில் ஒரு குட்டி பாய்லர். ஒரு நாள் பெரியக்கா வாசலில் நின்று கேட்டாள்.

"இது ஓடினா என்னங்க பண்ணும்?"

"ஓடும்."

"ஓடி?"

"ஓடிக்கிட்டே இருக்கும்."

"அப்ப உங்கள மாதிரிதான். பரவாயில்ல, செய்யுங்க."

வெண்கலத் துண்டு ஒன்றை லேத்தின் சுழலும் பிடியில் மாட்டிக் குடைந்து சிலிண்டர் செய்தார். கடைசிச் சீவல்களில் டூல் உலோகத்தைத் தொடுகிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு பிஸ்டன். அதைச் சோதிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். சிலிண்டரின் கீழ்வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, பிஸ்டனை மேலிருந்து விடுவார். தொப்பென்று விழுந்தால் தளர்ச்சி. நின்றுவிட்டால் இறுக்கம். உள்ளே சிக்கிய காற்றின் மேல் உட்கார்ந்து, வேலைக்குப் போக மனமில்லாதவன் மாதிரி மெல்ல மெல்ல இறங்க வேண்டும். மூன்று பிஸ்டன்கள் குப்பைக்குப் போயின. நாலாவது அப்படி இறங்கியபோது அவர் சிரித்ததை நான் பார்த்தேன். அந்த மனிதர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

லேத்தில் சீவி விழுந்த பித்தளைச் சுருள்கள் அவர் செருப்பில் ஒட்டி முன்னறைக்கு வரும். ஒரு வாடிக்கையாளர் புதுச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, காலருக்குள் என்னவோ குத்துகிறது என்றார். பெரியக்கா பிரித்துப் பார்த்து, ஒரு மினுக்கும் சுருளை எடுத்து, புருஷனின் தட்டில் கொண்டுபோய் வைத்தாள். அன்றிலிருந்து பின்னறைக்குத் தனிச் செருப்பு.

எஞ்சின் முடிந்தது. வேலை பாய்லரில் வந்து நின்றது. செம்புத் தகட்டை வளைத்து, இரண்டு முனையிலும் மூடி தட்டி, எல்லாம் பொருத்தமாக வெட்டி வைத்துவிட்டார். ஆனால் அந்த மூட்டுகளைத் தீயில் பற்றவைத்து ஒன்றாக்குவது லேத்காரர் வேலை இல்லை. ஒருமுறை முயன்று ஒரு மூடியைக் கருக்கினார். வெப்பத்தை எங்கே காட்டுவது, எப்போது எடுப்பது என்பது வேறு ஒருவர் கைக்குத் தெரிந்த விஷயம். அந்த வேறு ஒருவர் எங்கள் சின்னத்தான். என் இரண்டாவது அக்காவின் கணவர். ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுதுபார்க்கிறவர், நாள் முழுக்கச் செம்புக் குழாய்களைப் பற்றவைக்கிறவர். நாலு தெரு தள்ளித்தான் வீடு.

இரண்டு சகலைகளும் பேசி ஐந்து வருஷமாகியிருந்தது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சின்னத்தான் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, உறவும் நட்பும் கூடி நிற்கையில், பெரியத்தான் வாசல் கதவைச் சாத்திப் பார்த்தார். திறந்து பார்த்தார். மறுபடி சாத்திப் பார்த்தார். "கதவு ஒரு நூல் இறங்கி இருக்கே" என்றார். அவர் மனசில் கள்ளம் இல்லை, வாயில் பூட்டும் இல்லை. சின்னத்தான் அந்தக் கதவை மட்டும் தானே நின்று மாட்டியிருந்தார். "வீட்டை வாழ்த்த வந்தீங்களா, அளக்க வந்தீங்களா?" என்றார் முகம் சிவந்து. "உள்ளதைத்தான் சொன்னேன்" என்றார் இவர். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கும் கோபம் வரும் என்பார்கள், சொந்தக் கையால் கதவு மாட்டியவனுக்கு வராதா? பெரியத்தான் செருப்பைத் தேடினார், பெரியக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். அவ்வளவுதான்.

அதன்பின் அக்காக்கள் இருவரும் என் நூலகத்தில்தான் சந்தித்துக்கொண்டார்கள். நாளிதழ்ப் பகுதியில், 'அமைதி காக்கவும்' பலகைக்கு நேர் கீழே, ஆளுக்கொரு செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, கள்ளக் காதலர்கள் மாதிரி கிசுகிசுப்பார்கள். ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போனதில்லை. புருஷன் முகத்துக்காகப் போகவில்லை. எனக்கு அந்த இரண்டு ஆண்கள் மேலும் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

இந்த நிலைமையில் சின்னத்தானுக்குத் தூர தேசத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறார்கள். எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. செய்தியைக் கேட்ட பெரியக்கா விரித்திருந்த செய்தித்தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "இப்படியே போயிட்டாங்கன்னா அப்புறம் போனதுதான்டி" என்றாள் என்னிடம். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவ எங்க வீட்ல வந்து உட்காந்துட்டுப் போகணும்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் பாய்லர் துண்டுகளை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். பெரியத்தானைக் கேட்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவும் இல்லை. நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"லைப்ரரி!" என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "மேல ஆவிக் குழாய் மாட்டற அந்த வெண்கலப் புஷ் இருக்கு பாரு, அதைத் தகட்டோட மட்டமா வெச்சிடக் கூடாது. ஒரு நூல் வெளிய விடச் சொல்லு. இல்லன்னா ஆவிக் குழாய் எஞ்சினுக்கு நேரா வராது."

"போன் பண்ணி நீங்களே சொல்லுங்களேன் அத்தான்."

"நான் எதுக்கு? நான் உன்கிட்டதான் சொல்றேன்."

பையைக் கொடுக்கப் போனபோது சின்னக்கா வீட்டில் யாரும் இல்லை, அடுத்த வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். வேலை நேரத்தில் நூலகத் தாழ்வாரத்தில் நின்று சின்னக்காவுக்குப் போன் செய்தேன். அவள் ஏதோ பேருந்து நிறுத்தத்தில் இருந்தாள், காதில் ஹாரன்தான் விழுந்தது.

"பெரியத்தான் ஒரு நூல் விடச் சொன்னார்."

"என்னது? நூல் விடறாரா?"

"விடச் சொன்னார்! ஒரு நூல்!"

உள்ளேயிருந்து தலைமை நூலகர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சரி சரி, நான் இவர்கிட்ட சொல்லிடறேன்" என்று சின்னக்கா வைத்துவிட்டாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷம் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பெரியக்கா வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் சின்னத்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் துண்டில் சுற்றிய பாய்லர், பின்னால் சின்னக்கா. பெரியக்கா தையல் மெஷினில் கால் வைத்தபடியே உறைந்துபோனாள். பெரியத்தான் பின்னறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வா தம்பி" என்றார் பெரியத்தான்.

"வந்துட்டேன் அண்ணே" என்றார் சின்னத்தான்.

ஐந்து வருஷத்தைத் தாண்ட அவ்வளவு போதுமாக இருந்தது. சமையலறையில் சின்னக்கா என் காதில் கொட்டினாள்.

"நீ போன்ல சொன்ன இல்ல, பெரியத்தான் நூல் விட்டுப் பாக்கறார்னு. நான் இவர்கிட்ட அப்படியே சொன்னேன். அரை நாள் அந்தத் துண்டுகளையே எடுத்து எடுத்துப் பாத்தார். அப்புறம், 'வயசுல பெரியவர், அவரே இறங்கி வந்து நூல் விடறப்ப, நான் முறுக்கிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்'ன்னார்."

இந்தப் பக்கம் பெரியக்கா வந்து இன்னொரு காதில் சொன்னாள். "அவர் என்ன சொல்றார் தெரியுமா? 'பார்த்தியா, அவனே மனசு இறங்கி வந்துட்டான்'ங்கறார்."

இருவரும் அவரவர் பங்குக்கு ஜெயித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும் போனது. நூல் இப்படிப் போய்ச் சேர்ந்திருந்தால், அந்தப் புஷ்ஷுக்கு விட வேண்டிய நூல் எங்கே? கத்தியைப் போட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன்.

துண்டு விலகியிருந்தது. பாய்லர் அழகாக இருந்தது. மூட்டெல்லாம் வெள்ளிப் பற்று ஓடி, ஒரு பொத்தல் இல்லாமல், ஒரு கரி இல்லாமல் மின்னியது. வெண்கலப் புஷ் செம்போடு செம்பாக, மட்டமாக உட்கார்ந்திருந்தது. பெரியத்தானின் கட்டைவிரல் அதன் மேல் போனது. ஒரு முறை, இன்னொரு முறை. அவருக்கு ஸ்கேல் தேவையில்லை. கதவை இரண்டு தரம் சாத்திப் பார்த்த அதே முகம் வந்துவிட்டது. வாசலில் பெரியக்கா வந்து நின்றிருந்தாள். அவளும் அந்த முகத்தை அறிந்தவள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எப்படி இருக்கு அண்ணே?" என்றார் சின்னத்தான். "குறை இருந்தா சொல்லிடுங்க."

பெரியத்தான் பாய்லரைத் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். நிமிர்ந்தபோது பெரியக்கா கண்ணில் பட்டாள்.

"ஒரு குறையும் இல்ல" என்றார்.

அந்த மனிதர் வாயால் அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை. பெரியக்கா சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். சின்னக்கா அந்த வீட்டில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீ குடித்தாள். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டதற்கும் வேண்டும் என்றாள்.

சின்னத்தான் குடும்பம் வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு எல்லோரும் மறுபடி கூடினோம். பாய்லரில் தண்ணீர் நிரப்பிப் பம்பு அடித்துச் சோதித்தாயிற்று, ஒரு சொட்டு கசியவில்லை. அடியில் ஸ்பிரிட் விளக்கு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே முனகல். பெரியத்தான் வால்வைத் திறந்ததும் சிலிண்டர் வெந்நீரைத் துப்பியது, சக்கரம் முன்னும் பின்னும் ஆடியது, நின்றது. விரலால் ஒரு தட்டு தட்டினார். பிடித்துக்கொண்டது. அப்புறம் ஆரக்கால்களே தெரியவில்லை. சின்னத்தான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். எனக்கும் தட்ட வேண்டும்போல்தான் இருந்தது.

எஞ்சின் நின்று, சூடு ஆறியதும், சின்னத்தான் குனிந்து பார்த்தார். புஷ்ஷுக்கும் ஆவிக் குழாய்க்கும் நடுவில் ஒரு பித்தளை வளையம். பளபளவென்று, விளிம்பெல்லாம் மழுக்கி.

"இது என்ன அண்ணே, நீங்க அனுப்பின துண்டுகள்ல இல்லையே?"

"அது சும்மா, அழகுக்கு."

அழகுக்கு என்று அவர் எதையும் செய்ததாகச் சரித்திரம் இல்லை. சின்னத்தான் அந்த வளையத்தின் கனத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். குழாயைப் பார்த்தார், மட்டமாக இருந்த தன் புஷ்ஷைப் பார்த்தார். அவரும் தொழில்காரர்தான். "அழகாத்தான் இருக்கு" என்றார்.

கிளம்புகிற நாள் நாங்கள் மூவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பெட்டிகள் வண்டியில் ஏறிவிட்டன. அக்காக்கள் ஒருவர் கையை ஒருவர் விடாமல் தெருவில் நின்றார்கள். காலி வீட்டைப் பூட்ட வேண்டியது பாக்கி. சின்னத்தான் சாவியைப் பெரியத்தானிடம் நீட்டினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே. அப்பப்ப வந்து பாத்துக்கங்க." பிறகு கதவைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பூட்டறப்ப கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும். ஒரு நூல் இறங்கி இருக்கு."

பெரியத்தானின் கை ஏற்கனவே பிடியில் இருந்தது. எவ்வளவு என்று யாரும் காட்டாமலே அளவாகத் தூக்கிச் சாத்தினார். சத்தமே இல்லாமல் பூட்டு விழுந்தது.

"அப்படியா?" என்றார். "நான் கவனிச்சதே இல்லையே."