பூட்டிய கதவுக்கு வெளியே அப்பா

மராத்தியில் 'போட்' என்றால் வயிறு. அது தெரியாமல்தான், நாங்கள் செம்பூருக்குக் குடிவந்த முதல் வாரத்தில், எதிர்வீட்டு சுலபா தாயி எங்கள் தட்டில் போளியை வைத்துக்கொண்டே போக, அம்மா கையைக் குறுக்கே நீட்டி "போதும், போதும்" என்றாள். சுலபா தாயி முகம் மாறி, "போட் துக்தே கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடினார். வயிறு வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஒரு கைப்பிடி ஓமமும் வெந்நீரும் கொண்டுவந்து நீட்டினார். மறுத்தால் தப்பாகிவிடுமோ என்று அம்மா அவ்வளவையும் மென்று விழுங்கினாள். அதற்குப் பிறகு வெகுகாலம் அவள் அக்கம்பக்கத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அந்த வாழ்க்கையைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இரண்டாவது மாடியில் இரண்டு அறைகள், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர். அம்பாசமுத்திரத்தில் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் தன் போக்கில் போய்வந்த அம்மாவுக்கு, இங்கே பால் வாங்கப் போவதற்குக்கூட அப்பா துணை வேண்டியிருந்தது. அப்பாவோ வீட்டில் இருப்பதே அபூர்வம். திராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் இன்ஜினீயர். ராட்சச பம்புகளைப் பார்த்துக்கொள்வது வேலை. விடியும்போது கம்பெனி பஸ் வரும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். அவர் சட்டையில் எப்போதும் கிரீஸ் வாசனை அடிக்கும். அந்த வாசனையோடு உட்கார்ந்து எனக்கும் தம்பிக்கும் கணக்குச் சொல்லித் தருவார். எனக்குத் தமிழ் எழுத்து தடுமாறியதால், தினமும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து ஒரு வரியைத் தாண்டினால், கண்ணைத் திறக்காமலே, "அந்த வரி என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமையும் அவர் எங்களுக்கு இல்லை. குர்லாவில் ரயில் மாறி, சயானில் இறங்கி, தாராவிக்கு நடந்துவிடுவார். தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் பின்னால் நம் ஜில்லாக்காரர்கள் குடிசை போட்டிருந்த ஒரு சந்து அது. பள்ளமான இடம். மழைக்காலம் முழுக்கச் சாக்கடைத் தண்ணீர் குடிசைக்குள் நிற்கும். ஒரு மழையில் இரண்டு குழந்தைகள் பேதியில் போய்விட்டன. அதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் பார்க்கப் போன அப்பா, பிறகு போவதை நிறுத்தவில்லை. மட்டம் பார்த்து, சரிவு கணக்கிட்டு, சந்து ஆண்களோடு தானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் வெட்டினார். அங்கே அவருக்கு 'இஞ்சினியர் அண்ணாச்சி' என்று பெயர். அம்மா ஒருமுறை கேட்டாள்: "ஊர்ல உள்ள தண்ணியெல்லாம் வடியணும். இந்த வீட்டுக்குள்ள நான் ஒருத்தி முங்கிக் கெடக்கது உங்களுக்குத் தெரியலயா?" அப்பா அடுத்த ஞாயிறும் போனார்.

அறுபதுகளின் பிற்பாதியில், தென்னாட்டவர்கள் வேலைகளைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்ற பேச்சு நகரத்தில் கிளம்பியது. பள்ளியில் என்னை 'மதராஸி' என்று கூப்பிட்டவர்கள் அதற்குமேல் 'லுங்கிவாலா' என்று சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் லுங்கி கட்டுபவர் யாரும் இல்லையே என்று நான் அப்பாவியாக விளக்கம் சொன்னேன். அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா தாராவிக்குப் போயிருந்தபோது, கல் பறக்கத் தொடங்கியது. தெருமுனையில் இருந்த இட்லிக்கடையின் கண்ணாடி நொறுங்கிய சத்தம் எங்கள் அறை வரை கேட்டது. ரயில் நின்றது. அப்பா அன்று வரவில்லை.

மறுநாள் காலை சுலபா தாயி வந்தார். தாயி என்றால் மராத்தியில் அக்கா. அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு வீடாகப் பெயர்ப்பலகை பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று அரை இந்தியிலும் கைச்சாடையிலும் சொன்னார். எங்கள் பெயர்ப்பலகையைத் தானே கழற்றி உள்ளே போட்டார். பிறகு எங்களை உள்ளே வைத்து, கதவை வெளியிலிருந்து தன் பூட்டால் பூட்டினார். ஆள் இல்லாத வீடு என்று தெரியவேண்டும். சமைக்கக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, யார் தட்டினாலும் மூச்சு விடக் கூடாது. சாயங்காலம் வந்து திறப்பதாகச் சொல்லிவிட்டு, சாவியோடு டியூட்டிக்குப் போனார்.

அந்தப் பகல் எவ்வளவு நீளம் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா தம்பியின் வாயருகே கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஊற வைத்த அவலைத் தின்றோம். ஸ்பூன் தட்டில் படாமல் கையால் அள்ளித் தின்றோம். வெயில் எதிர்ச்சுவரில் ஏறி, இறங்கத் தொடங்கிய நேரத்தில் மாடிப்படியில் காலடி கேட்டது. எங்கள் கதவுக்கு முன்னால் நின்றது. பூட்டை யாரோ தூக்கிப் பார்த்து, மெதுவாக விட்டார்கள். கதவின் கீழ் இடைவெளி வழியாக, புகை வாடைக்கு நடுவில், கிரீஸ் வாசனை வந்தது.

அம்மா தரையோடு தரையாகப் படுத்து, "ஏங்க..." என்றாள்.

வெளியே அவர் குனிந்து உட்காருவது கேட்டது. பிறகு அப்பாவின் குரல், எங்களைவிட மெதுவாக: "கோமதி? உள்ளயா இருக்கீங்க? பிள்ளைங்க?"

"இருக்கோம். சாவி தாயிகிட்ட. பூட்ட உடைக்காதீங்க, கீழ ஆளுங்க நிக்காங்க."

"உடைக்கல."

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"சந்துல தீ வச்சுட்டானுவ. பாதி குடிசை போச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல." அவர் கை வெந்திருந்ததை அப்போது சொல்லவில்லை.

அம்மா அழுதது அவள் தோள் குலுங்கியதில்தான் எனக்குத் தெரிந்தது. "போதும்ங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க. கஞ்சி குடிச்சாலும் ஊர்ல இருப்போம்."

"சரி கோமதி, போயிருவோம்," என்றார் அப்பா. "சத்தியமா போயிருவோம்."

அதற்குள் கீழே பல காலடிகள் ஒன்றாக ஏறின. நாங்கள் கதவை விட்டு விலகி மூலைக்குப் போனோம். யாரோ அதட்டலாக அப்பாவை மராத்தியில் கேட்டார்கள். அப்பா, தான் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தவர் என்று சொல்வது கேட்டது. தொழிற்சாலை ஆட்களோடு பேசிப் பேசி வந்த, தடங்கலில்லாத மராத்தி. அடுத்த கேள்வி எங்கள் வீட்டைப் பற்றி.

"இதே கோணி நாஹி," என்றார் அப்பா. இங்கே யாரும் இல்லை.

என் அப்பா என் வீட்டு வாசலில் நின்று சொன்னது அது. நாங்கள் உயிரோடு இருந்ததே அந்த வார்த்தையால்தான் என்று பின்னால் புரிந்துகொண்டேன். அன்றைக்குப் புரியவில்லை. உண்மையிலேயே நாங்கள் இல்லாமல் போய்விட்டோம் என்பதுபோல் இருந்தது. காலடிகள் மேலே போய், திரும்பி இறங்கிப் போயின. சுலபா தாயி வந்து பூட்டைத் திறந்தபோது, அப்பா படியில் சுவரோடு சாய்ந்திருந்தார். தாயி முதலில் அவர் கையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, சின்னப் பெண்போல விம்மி அழுதார்.

அப்பா சொன்னதைச் செய்யவே முயன்றார். திருச்சிப் பக்கம் வந்த ஒரு புதிய தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. அம்மா பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். அந்த நாட்களில் அவள் முணுமுணுத்துப் பாடுவதை முதல்முறையாகக் கேட்டேன். சொல்லிக்கொண்டு வரலாம் என்று அப்பா தாராவிக்குப் போனார், என்னையும் அழைத்துக்கொண்டு. எரிந்த குடிசைகளின் மேல் சாக்கும் தகரமும் போர்த்தியிருந்தார்கள். வாய்க்கால் பாதியில் நின்றது, மழைக்கு அதிக நாள் இல்லை. தோல் கொட்டகையில் வேலை பார்த்த மாடசாமி என்பவர்தான் அப்பாவோடு மண் வெட்டியவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை.

"போங்க அண்ணாச்சி," என்றார். "பிள்ளைங்கள வச்சுக்கிட்டு இங்க என்னத்துக்கு? எங்களுக்குந்தான் போக ஒரு எடம் இருந்தா போயிருப்போம்லா."

அப்பா வீட்டுக்கு வந்து, கட்டி வைத்திருந்த சாக்கின் மேலேயே உட்கார்ந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அப்படியே அடுப்படிக்குப் போய்விட்டாள். பல நாட்கள் அவளுக்குச் சொல்லவேண்டியதை அப்பா எங்களிடம் சொன்னார், அவருக்குச் சொல்லவேண்டியதை அவளும் எங்களிடமே சொன்னாள். சாக்கை யாரும் அவிழ்க்கவில்லை. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செருப்பை மாட்டும்போது, அம்மா தலையைப் பின்னிக்கொண்டு வந்து நின்றாள். "வாக்குக் குடுத்துட்டு மாத்திட்டீங்க. அத நான் மறக்க மாட்டேன். ஆனா இனிமே பூட்டின கதவுக்கு உள்ள உக்காந்து நீங்க வருவீகளா மாட்டீகளான்னு என்னால கேட்டுட்டு இருக்க முடியாது. நானும் வாரேன்."

அந்தச் சந்தில் ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்தபடி அம்மாவைப் பார்த்து, "மதினி எந்தூரு?" என்று கேட்டாள். அம்பாசமுத்திரம் என்றதும், "அட, நான் கல்லிடைக்குறிச்சில்லா!" என்று குடத்தைக் கீழே வைத்தாள். ஆற்றுக்கு அந்தக் கரையும் இந்தக் கரையும். அம்மா பேச ஆரம்பித்தாள். வருஷக்கணக்கில் தேங்கிக் கிடந்த பேச்சு. அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் அந்த மழைக்கு முன் முடிந்தது. அம்மா அவரை முழுதாக மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. பித்தளைப் பாத்திரங்கள் மட்டும் அலமாரிக்குத் திரும்பின.

பல வருஷம் கழித்து அப்பா அதே வீட்டில் காலமானார். தாராவியிலிருந்து பெண்கள் வந்து, கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். தண்ணீர் வடிந்த கதை, தீயில் கை வைத்த கதை, எல்லாம் அதில் வந்தது. என் மகன் என் முந்தானையை இழுத்து, "யே லோக் க்யா போல் ரஹே ஹைன்?" என்று கேட்டான். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவனுக்கு இந்தியில் சொன்னேன். இந்தப் பக்கம், கிழவியாகிவிட்ட சுலபா தாயி என் கையைப் பற்றியிருந்தார். அவருக்கு மராத்தியில் சொன்னேன். ஒரு வரியை இருவருக்கும் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரி கடந்துபோயிருக்கும். என் அப்பாவைப் பற்றி அந்தப் பெண்கள் பாடியதில் பாதியை நான் அப்படித்தான் கேட்காமல் விட்டேன்.