அத்தை உட்காராத நாற்காலி

ஜப்பானிய மொழியில் நாற்காலிக்கு இசு என்று பெயர். ஒன்பது வயதில் அத்தையிடமிருந்து அதைக் கற்றேன். அம்மொழியில் எனக்கு இன்றும் ஐயமின்றித் தெரிந்த சொல் அது ஒன்றுதான். அந்த ஒன்றைக் கொண்டே அத்தையின் வாழ்க்கையைக் கெடுத்திருப்பேன்.

கரமனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அப்போது எல்லாப் பொருள்களுக்கும் இரண்டாவது பெயர் இருந்தது. அப்பாவின் தங்கையான அத்தை நர்சிங் முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காகத் தம்பானூரில் மொழி வகுப்புக்குப் போய்வந்தாள். மேசை, அலமாரி, கட்டில் என்று ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய மஞ்சள் சீட்டை ஒட்டிவைத்தாள். அவளுடைய உச்சரிப்பைத் திருத்தும் அதிகாரியாக நான் என்னையே நியமித்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. தாத்தா இறந்த பிறகு அத்தையை வளர்த்துப் படிக்கவைத்தவர் அவர். நாகர்கோவிலில் ஒரு வரன் ஏறத்தாழ முடிவாகியிருந்தது. "இங்க இல்லாத ஆசுபத்திரியா? அறியாத நாட்டுல போயி யாருக்கோ மலமும் மூத்திரமும் அள்ளணுமா?" என்று அம்மாவிடம் கேட்பார். அத்தையிடம் நேராகக் கேட்கமாட்டார். அத்தையும் தன் மைனியான அம்மா வழியாகவே பதில் அனுப்புவாள். இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

"ஒரே ஒரு இன்டர்வியூ, மைனி. அது கெடைக்கல்லேன்னா அண்ணன் சொல்லுக ஆளக் கெட்டிக்கிடுதேன்."

நேர்காணல் ஒரு சனிக்கிழமை காலை, மடிக்கணினித் திரையில் நடந்தது. கதவைத் திறந்து உள்ளே வர வேண்டும், குனிந்து வணங்க வேண்டும், நாற்காலியின் அருகே நிற்க வேண்டும், அவர்கள் சொன்ன பிறகே உட்கார வேண்டும். வகுப்பில் இப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பார்த்துப் படித்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாதென்று அத்தை விடிந்ததுமே சீட்டுகளையெல்லாம் உரித்தெடுத்தாள். குக்கர் கூவிவிடும் என்று அம்மா அடுப்பையே பற்றவைக்கவில்லை. மடிக்கணினிக்குப் போனிலிருந்துதான் இணையம்; எங்கள் வீட்டில் ஜன்னலோரம் உயர்த்திப் பிடித்தால்தான் போனில் ரேஞ்சு வரும். அதை யார் பிடிப்பது என்று அம்மா யோசித்துக்கொண்டிருக்கையில் அப்பா கையை நீட்டினார்.

"கொண்டா, நான் பிடிக்கேன்."

மடிக்கணினிக்குப் பின்னால், அத்தைக்கு நேர் எதிரே, போனை உயர்த்தியபடி அவர் நின்றார். அம்மாவும் நானும் சமையலறை வாசலில் நின்றோம்.

அத்தை வந்தாள், வணங்கினாள், பெயரைச் சொன்னாள். திரையில் மூவர் இருந்தார்கள். நடுவிலிருந்த பெண்மணி புன்னகையோடு ஏதோ சொன்னார். அதில் இசு என்ற சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அத்தை உட்காரவில்லை. அவளுடைய வலக்கை நாற்காலியின் முதுகைப் பற்றியிருந்தது. பெண்மணி அதையே மெதுவாகத் திரும்பச் சொல்லி, உள்ளங்கையால் சாடை காட்டினார். அத்தை அப்போதும் நின்றாள். ஓரத்திலிருந்த முதியவர் குனிந்து காகிதத்தில் எதையோ எழுதினார்.

அத்தைக்குச் சொல் மறந்துவிட்டது என்று நான் முடிவுசெய்தேன். சீட்டையும் உரித்தாயிற்று, இனி என்னைத் தவிர அவளுக்கு யாரிருக்கிறார்கள்?

"அத்தே, இசு. கசேரை, கசேரை."

மூன்று தலைகளும் நிமிர்ந்தன. அம்மா என் வாயைப் பொத்தினாள். அத்தையின் முகம் கறுத்தது. ஆனால் அவள் என்னையோ திரையையோ பார்க்கவில்லை. திரைக்கு மேலே, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் அண்ணன் நிற்கும்போது தங்கை உட்காருவதில்லை. யாரும் அதைக் கற்பித்ததாக நினைவில்லை. அப்பா கூடத்துக்குள் வந்தால் அத்தை எழுவாள்; அவர் அமர்ந்த பிறகு அமர்வாள். தினமும் கண்ட காட்சி என்பதால் நான் அதைக் கவனித்ததே இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் அப்படியே பழகிய கால்கள், அந்த ஒரு நிமிடத்தில் எவ்வளவு முயன்றும் அவளுக்கு மடங்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு, போன் பிடித்த கையை இறக்காமல், சுவரில் முதுகைச் சாய்த்து, சறுக்கினாற்போல் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

அத்தையும் உட்கார்ந்தாள். அதன் பின் கேட்கப்பட்ட எல்லாவற்றுக்கும் அவள் தடையின்றி விடை சொன்னாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. நான் சொல்லிக்கொடுத்துத்தான் அத்தை ஜப்பானுக்குப் போனாள் என்று பள்ளிக்கூடத்தில் நெடுநாள் பெருமையடித்தேன். நேர்காணலில் வெளியாள் குரல் கேட்டால் அத்துடன் நிறுத்திவிடுவார்கள் என்பது பின்னாளில் அவள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பெண்மணி அன்று ஏன் பொறுத்துக்கொண்டார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் எனக்கு அப்பாவின் மேல்தான் கோபம். கையை உயர்த்தியே வைத்திருந்தாலும், தரையில் உட்கார்ந்த பிறகு ரேஞ்சு போயிருந்தால்?

"எதுக்குப்பா கீழ இருந்தீங்க? அத்தைக்குச் சோலி போயிருக்குமே."

அப்பா சாய்வாக உட்கார்ந்து தோளை நீவிக்கொண்டிருந்தார்.

"காலு கடுத்துது மக்ளே. நிக்க ஒக்கல்ல."

உண்மையாகவே வலித்திருக்கும் என்று நம்பி, கோபத்தை விட்டுவிட்டு, தைலப் புட்டியை எடுத்துவந்தேன். அவர் இரண்டு கால்களையும் என் பக்கம் நீட்டினார். நான் முட்டியிலிருந்து பாதம்வரை அழுத்தித் தேய்த்துவிட்டேன்.