ஆமோஸின் கடைசி வரிகள்

லாரி பட்டறையில் வெல்டிங் செய்யும் அவரை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பைபிளின் பழைய ஏற்பாடு வாசிக்கும்போது குரல் அப்படி முழங்கும். நியாயத்தீர்ப்பு சொல்லும் தீர்க்கதரிசிகள் என்றால் அவருக்கு உயிர்.

தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போன மகள், ஒரு ஞாயிறன்று கைக்குழந்தையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைய வாசிப்பு ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் கடைசி அதிகாரம். பாவிகள் எங்கே ஒளிந்தாலும் தப்ப முடியாது என்ற பகுதியை அவள் முகத்தைப் பார்த்தே வாசித்தார். அதோடு வேதத்தை மூடிவிட்டார். விழுந்த கூடாரத்தைக் கடவுள் திரும்ப எடுத்து நிறுத்துவார் என்று வரும் முடிவை வாசிக்கவில்லை. நிமிர்ந்தபோது மகள் போயிருந்தாள்.

"மிச்சத்தையும் வாசிச்சிருந்தா வாயா வலிச்சிருக்கும்?" என்றாள் மனைவி.

அவர் வீம்பு இறங்க வருடங்கள் ஆயின. ஒருநாள் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார். பள்ளிச் சீருடையில் வந்து திறந்த பேரன், "அம்மா, யாரோ அங்கிள் வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னான்.

மகள் நாற்காலி போட்டு டீ கொடுத்தாள்.

"அன்னைக்கு வாசிச்சதுல நல்ல வார்த்தை மிச்சம் இருந்துச்சும்மா. வேணும்னேதான் விட்டேன்."

"தெரியும்பா. வீட்டுக்கு வந்து நானே வாசிச்சேன். உங்க வாயால ஒரு நல்ல வார்த்தை கேக்கலாம்னுதான் அன்னைக்கு வந்திருந்தேன்."

இப்போது வாசிக்கட்டுமா என்று கேட்க நினைத்தார். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அவள் தடுக்கவில்லை. வாசல் வரை வந்து, "பாத்துப் போங்கப்பா" என்றாள்.