பக்கத்து சீட்டில் பூட்டியிருந்த பெல்ட்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எல்லாரும் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் பேய்க்கதை ஆரம்பிக்கிறார்கள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது, சிரித்துக்கொள்ளுங்கள். கேரள எல்லைக்குள் இருக்கிற குன்னத்துகாலில் நான் எலக்ட்ரீஷியன். எந்த வீட்டிலாவது தானாக லைட் எரிகிறது, யாரோ நடமாடுகிறார்கள் என்றால் முதலில் பாஸ்டரைக் கூப்பிடுவார்கள், அவர் ஜெபித்துவிட்டுப் போனபிறகும் எரிந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் சுவிட்சைக் கழற்றினால் உள்ளே எறும்பு குடியிருக்கும். இப்படி எத்தனையோ பிசாசுகளை ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டியவன் நான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள்.

என் மனைவி ஷீபா மூன்றாம் முறை கர்ப்பமாக இருந்த சமயம் அது. முதல் இரண்டும் தங்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் தானாக வந்துவிட்டது. பிள்ளை கையில் வருகிறவரை அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. தொட்டில், துணி என்று எதுவும் வாங்குவதில்லை, ஷீபாவின் வயிற்றைப் பார்த்ததாகக்கூட யாரும் காட்டிக்கொள்வதில்லை. அவள் அம்மா, அதாவது என் மாமி, பக்கத்து வீட்டுக்காரி விசாரித்தால் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். மனதுக்குள் மட்டும் நாங்கள் மூன்று பேரும் வேறு எதையும் நினைக்கவில்லை.

செக்கப்புக்கு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எங்களிடம் இருந்தது மாமனார் விட்டுப்போன அம்பாசடர். முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீளச் சீட், ஸ்பிரிங் எல்லாம் செத்து நடுவில் பள்ளம், சீட் பெல்ட் பேருக்குக்கூட இல்லை. ஒவ்வொரு குழியிலும் ஷீபா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். கடைசியில் பாறசாலையில் சீட் வேலை செய்கிற ஸ்டீபன் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

அவர் கால்மிதியைத் தூக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "எலே, தரை முழுக்க துருவாக்கும். இதுல போல்ட்டு போட்டா ஒரு சடன் பிரேக்குல சீட்டோட ஆளும் முன்னால போவும். மொதல்ல தகரத்த வெட்டி வேற வச்சு, அடியில கனத்த பிளேட்டு குடுக்கணும்."

"களியக்காவிளையில பழைய வண்டி உடைக்கிற எடத்துல நல்ல சீட்டு உண்டுன்னு சொன்னாங்க அண்ணே. பெல்ட்டோட தருவாங்களாம்."

"சீட்டு பழசா இருக்கட்டு. பெல்ட்டு பழசு ஆகாது கேட்டியா. ஒருக்க இழுபட்ட பெல்ட்டுன்னா உள்ள நூலு விட்டிருக்கும், பாத்தா தெரியாது. அது புதுசு வாங்கு. பின்ன, ஆர்.சி.ல போட்டிருக்க ஆள் எண்ணத்துக்கு மேல ஒரு சீட்டும் கூடப்பிடாது. நான் ஆர்.டி.ஓ. ஆபீசுல ஒரு வார்த்த கேட்டுப்போட்டுதான் கை வைப்பேன்."

அப்படியே எல்லாம் நடந்தது. எல்லையைத் தாண்டிக் களியக்காவிளைக்குப் போய் இரண்டு தனிச் சீட்டுகள் வாங்கி வந்தேன், ஸ்டீபன் அண்ணன் தரையைப் புதுப்பித்து அவற்றைப் பொருத்தினார். புது பெல்ட், நீளத்தைக் கையால் கூட்டிக் குறைக்கிற வகை. ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது இன்ஸ்பெக்டர் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கி, பெல்ட்டைச் சுண்டி இழுத்துப் பார்த்து, சரி என்றார். இதையெல்லாம் எதற்கு நீட்டி முழக்குகிறேன் என்றால், போல்ட் தளர்ந்தது, பெல்ட் வழுக்கியது என்று பிறகு நீங்கள் காரணம் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான்.

பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு படிகிற மாதிரி போடவேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார். ஷீபாவின் அளவுக்கு வைத்துக்கொடுத்தேன். மறுமுறை கதவைத் திறந்தபோது பெல்ட் நன்றாகத் தளர்த்தப்பட்டிருந்தது, நிறைமாத வயிற்றுக்கு வைத்த மாதிரி. ஷீபாவுக்கு அப்போது வயிறே சரியாகத் தெரியாது. வாய்விட்டுச் சொல்லாத ஆசையை இப்படிக் காட்டுகிறாளாக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்காமல் இறுக்கி வைத்தேன். அடுத்த முறையும் தளர்ந்திருந்தது, அதற்கடுத்த முறையும்.

ஒரு நாள் அவளே பயந்து பயந்து ஆரம்பித்தாள். "நீங்க பெல்ட்ட இப்பிடி விட்டு வைக்கது எனக்குத் தெரியும். சந்தோசந்தான். ஆனா இப்பமே வேண்டாம், எனக்கு பேடியாட்டு இருக்கு."

"நீயில்லா விட்டு வைக்க?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சாவி எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

பெல்ட் புதிது, பழையது சீட்டு மட்டும்தான். மறுநாளே களியக்காவிளைக்குப் போய் அந்தச் சீட்டு எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்டேன். கடைக்காரர் கையை விரித்தார், எங்கிருந்தெல்லாமோ லோடு வருகிறது, யாருக்குத் தெரியும் என்றார். மாமிக்கு விஷயம் தெரிந்ததும் ஒரே பிடிவாதம், சீட்டைக் கழற்றி ஆற்றில் எறி என்று. எனக்கும் அதே எண்ணம்தான், ஒத்துக்கொள்கிறேன், அந்த வண்டிக்கும் அந்தச் சீட்டில் இருந்த கர்ப்பிணிக்கும் என்ன ஆனதோ என்று நினைத்தாலே உடம்பு கூசியது. ஷீபாதான் விடவில்லை.

"அவ நமக்கு என்ன கெடுதல் செய்தா? வயித்துப்பிள்ளைக்கு எடம் விடுகா, அவ்வளவுதானே. இருந்துட்டு போட்டு."

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பெல்ட்டைத் தன் அளவுக்கு இழுத்துக்கொண்டு, அதை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவாள். மாதங்கள் போயின. ஒரு நாள் மதியம், சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்தது. மாமியையும் அவளையும் ஆஸ்பத்திரியில் விட்டபிறகுதான், எங்கள் வழக்கத்தின் லட்சணப்படி, பிள்ளையைப் பொதிய ஒரு துண்டுத் துணிகூட எடுத்து வைக்கவில்லை என்பது உறைத்தது. நான் மட்டும் வீட்டுக்கு ஓடி, கிடைத்த துணியெல்லாம் மூட்டை கட்டிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு திரும்பினேன். பொழுது சாய்ந்து நல்ல மழை.

அமரவிளைக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்தில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். காலிச் சீட்டின் மேல் பெல்ட் பூட்டியிருந்தது. கீழ்ப்பட்டை இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் படிந்திருக்க, தோளுக்கு மேல் வருகிற பட்டை மட்டும் முன்னால் வளைந்து உருண்டு நின்றது, ஒரு பெரிய வயிற்றைச் சுற்றிப் போகிற மாதிரி. அது ஏறி இறங்கியது, மூச்சு வாங்குகிற மாதிரி. வேகவேகமாக.

வண்டியை விட்டுக் குதித்து ஓடியிருக்கவேண்டும், இல்லையா? நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஓட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு குழியில் சக்கரம் இறங்கியதும் அந்தப் பட்டை அப்படியே நடுங்கியது. அதைப் பார்த்ததும் என் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. ஷீபாவுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"பேடிக்காத மக்கா. மெதுவாட்டுத்தான் போறேன்."

அமரவிளைப் பாலத்தில் பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டின, நான் குழி குழியாகப் பார்த்து உருட்டிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நேராகப் போர்ட்டிகோவுக்குள் நிறுத்திவிட்டு, சுற்றி வந்து, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துபிடித்தேன். பெல்ட் கழன்று பக்கத்தில் விழுந்தது. அமுங்கியிருந்த மெத்தை மெதுவாக உப்பி எழுந்தது. செக்யூரிட்டி ஓடி வந்து, ஆளில்லாத வண்டியை எதற்கு இங்கே நிறுத்துகிறாய் என்று மலையாளத்தில் கத்தினார். வண்டியை ஓரமாக விட்டுப் பூட்டிவிட்டு, துணி மூட்டையோடு மேலே ஓடினேன்.

நான் மேலே போனபோது மாமி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். பெண் குழந்தை, நல்ல எடை, நல்ல அழுகை. அன்று நான் அழுததை மாமி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் வண்டி பூட்டியே நின்றது. அன்று ஷீபா குழந்தையோடு பின்சீட்டில் ஏறினாள், மாமி முன்கதவைத் திறந்தார்.

"மாப்பிள, இத ஆருக்கு இப்பிடி இறுக்கிப் பூட்டி வச்சிருக்கீங்க? எனக்கு எப்பிடி கொள்ளும்?"

பெல்ட் பூட்டியிருந்தது. ஒட்டிய வயிறுள்ள, மெலிந்த ஒருத்தியின் அளவுக்கு இறுகி, சீட்டோடு சேர்ந்து கிடந்தது. ஷீபா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இறங்கிப் போனவள் தனியாகத் திரும்பி வந்திருக்கிறாள்.

இப்போது எங்கள் மகள் ஓடி விளையாடுகிறாள். பெல்ட் தளர்ந்து நான் பார்த்ததே இல்லை, சில காலை நேரங்களில் அதே இறுக்கத்தில் பூட்டிக் கிடக்கும். அப்படிக் கிடக்கிற நாளில் நெய்யாற்றின்கரைப் பக்கம் வேலை வந்தால், செக்யூரிட்டி என்ன சொன்னாலும் சரியென்று போர்ட்டிகோவில் நிறுத்தி அந்தக் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். உள்ளே போய்த் தன் பிள்ளையைத் தேடிப் பார்க்கட்டுமே என்றுதான். ஆனால் பெல்ட் கழலுவதில்லை.