கம்பத்தில் கட்டிய புடவை

விமானங்கள் அனுப்பும் சிக்னலைப் பிடித்து, அவை எங்கே பறக்கின்றன என்று மொபைலில் பார்ப்பது என் பைத்தியம். ஒரகடத்தில் வேலை, மண்ணூரில் வாடகை வீடு. மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் ஆன்டெனா வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தால், திரையில் ஒரு விமானமும் இல்லை. மேலே ஓடினேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கம்பம் வரை ஈரப் புடவை. அதன் முனை ஆன்டெனாவையே மூடியிருந்தது.

"துணி காயப்போட வேற எடமே இல்லையா?" என்று கத்திக்கொண்டே அவிழ்த்தேன். கம்பம் அப்படியே என்மேல் சாய்ந்தது.

கீழ்வீட்டு செல்வி அக்கா ஓடிவந்தார். "இன்னா தம்பி, அவுத்துட்ட? காத்துல கிளாம்ப் உடைஞ்சி கம்பம் ஆடிக்கினு இருந்துச்சி. நீ உசுரா வெச்சிருக்கியேன்னு மழையில நனைஞ்சிக்கினே கட்டினேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. "மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"அது கெடக்கட்டும். எங்க வூட்டுக்காரரு இன்னிக்கி துபாய்லேர்ந்து வர்றாரு. அந்த பிளேன் இதுல தெரியுமா?"

அக்கா சொன்ன விமான எண்ணை மொபைலில் போட்டு அவரிடம் கொடுத்தேன். சிக்னல் கிடைக்கக் கம்பத்தை நானே தூக்கிப் பிடித்தேன்.

"தோ கீது! நம்ம பக்கம்தான் வருது!"

திரை அக்காவிடம் இருந்ததால் நான் வானத்தைப் பார்த்தேன். விமானம் தாழ்வாக வந்தது. அக்கா ஈரப் புடவையை வீசி வீசி ஆட்டினார்.

இரண்டு வருடமாகத் திரையில் உயரம், வேகம் என்ற எண்களாகவே விமானங்களைப் பார்த்திருந்தேன். உள்ளே ஆட்கள் இருப்பது அன்றுதான் உறைத்தது. ஒரு கையில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நானும் ஆட்டினேன்.