சதுரத்தின் மூன்றாவது பக்கம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், பட்டப்பகலில், வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்க்க நடந்தது இது.

ஹேமலதா டீச்சருக்கு இரண்டாம் வகுப்பு. சதுரம், முக்கோணம் சொல்லித்தர லாங் பஜார் கடை ஒன்றில் ஒரு குட்டி ரோபோ வாங்கியிருந்தார். ஆமை மாதிரி இருக்கும். வயிற்றில் சாக்பீஸ், முதுகில் பட்டன்கள். பட்டனை அழுத்திய வரிசைப்படி தரையில் கோடு போட்டுக்கொண்டே ஓடும்.

அன்று மதியம் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தானிஷ் அழுத்தினான்.

க்ர்ர்ர்... ஒரு பக்கம். இரண்டாவது பக்கம். மூன்றாவதில் பாதியிலேயே நின்றது. சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை. பிறகு சட்டென்று விலகி, எதையோ சுற்றிக்கொண்டு போய்ச் சதுரத்தை முடித்தது.

"இன்னாடா அழுத்துன?"

"நேரா, திரும்பு, நேரா, திரும்பு... அப்படியே நாலு வாட்டி. கரெக்டாத்தான் மிஸ் அழுத்தினேன்."

டீச்சரே அழுத்திப் பார்த்தார். அதே இடம். அதே வளைவு. தரையைத் தடவினார். மேடு பள்ளம் எதுவுமில்லை.

ரோபோவின் முகத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். எதிரே ஏதாவது இருந்தால் ஒதுங்கிப் போகிற சென்சார் போல என்று நினைத்தார். ஆனால் எதிரே என்ன இருக்கிறது?

மூன்றாம் தடவை வளைவு நகர்ந்திருந்தது. கோட்டின் வழியே ஒரு முழம் தள்ளி... தானிஷ் பக்கமாக.

அடுத்த தடவை, அவன் முழங்காலுக்குப் பக்கத்தில்.

"தானிஷ், எழுந்து என்கிட்ட வா."

"ஏன் மிஸ்?"

"வாப்பா."

அவன் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி அழுத்தினார்.

சதுரம் அச்சு மாதிரி வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். அங்கே இருந்தது... இப்போது எங்கே?

யாரும் பட்டனைத் தொடவில்லை.

க்ர்ர்ர்...

ரோபோ நேராக அவர்களிடம் வந்தது. ஒரு சாண் முன்னால் நின்றது.

சக்கரம் சுழல்கிறது... நகரவில்லை.

"மிஸ்..." தானிஷ் முனகினான். "இந்தக் கைய விடுங்க. வலிக்குது."

டீச்சர் பிடித்திருந்தது அவனுடைய இன்னொரு கையை.

அவனை அப்படியே தூக்கிக்கொண்டு, மற்ற பிள்ளைகளையும் விரட்டாத குறையாக மைதானத்துக்குக் கூட்டிப்போனார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டில் மட்டும் சிவப்பாக ஒரு தடம்.

சாயந்திரம் கடைக்குப் போன் போட்டார். சென்சாரில் ஏதோ கோளாறு என்றார்.

"சென்சாரா?" கடைக்காரர் சிரித்தார். "அந்த மாடல்ல சென்சாரே கிடையாதுங்க மேடம். கண்ணு மாதிரி இருக்கறது வெறும் பெயிண்ட். யாராச்சும் கையால பிடிச்சாத்தான் அது நிக்கும்."